பல்லைப் பிடித்துப் பார்ப்பது

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஒரு பழமொழி உண்டு. பெற்றுக்கொள்பவனுக்கு இருக்கவேண்டிய பணிவைச் சொல்லவே இதை நாம் பயன்படுத்துகிறோம். இதற்கு ஒரு மறுபாதியும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும். அந்த மறுபாதியை யாரும் பழமொழியாக்கவில்லை. சந்தைக்குப் போகிற எவருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டிய அவசியம் இருந்ததில்லை என்பதே காரணமாக இருக்கலாம்.

செஞ்சியில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் வாரச்சந்தையை அதிகாலையில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஆட்டின் வாயைத் திறந்து, கீழுதட்டைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பார்கள். ஒரு கணத்துக்கு மேல் ஆகாது. ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கீழே எட்டு. ஒரு வயதைத் தாண்டிய சில மாதங்களில் நடுவிலிருக்கும் இரண்டு பால்பற்கள் விழுந்து இரண்டு பெரிய பற்கள் முளைக்கும். பிறகு ஏறத்தாழ ஆண்டுக்கு ஓர் இணை. விற்பவர் வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லலாம், பல் சொல்லாது. உயிருள்ள ஒன்றை விலைபேசும்போது அதன் உடலையே சாட்சிக்கு அழைப்பது எவ்வளவு பழைய வழக்கம் என்று அந்தச் சந்தையில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

சந்தையிலிருந்து மேற்கே திருவண்ணாமலைச் சாலையில் சிறிது தூரம் போனால் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் தொடர்புள்ள பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக அது சேர்ந்தபிறகு வெளியூர்க்காரர்களின் வரவு கூடியிருக்கிறது. இராஜகிரியின் அடிவாரத்தில் வரிசையாக வளைவுகளோடு நிற்கும் நீண்ட கட்டடத்தைக் குதிரை லாயம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். செஞ்சியில் குதிரையைப் பற்றிப் பேசினால் தேசிங்கைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வரலாற்றில் அவர் தேஜ் சிங்; முகலாயரின் கோட்டைத் தலைவராக இருந்த சரூப் சிங்கின் மகன். தந்தை இறந்த 1714ஆம் ஆண்டிலேயே ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, இருபத்திரண்டாம் வயதில் போரில் மடிந்தார். கதைப்பாடலில் அவர் வேறொருவர். அதில் யாராலும் ஏறமுடியாத பாராசாரி என்ற குதிரை டில்லிக்கு வருகிறது. அதை அடக்கமுடியாத தந்தை சிறைப்படுகிறார். பிள்ளைப் பருவம் தாண்டாத மகன் அதன்மேல் ஏறித் தந்தையை மீட்கிறான். யாரும் அந்தக் குதிரையின் பல்லைப் பார்த்ததாகக் கதையில் இல்லை. ஏறிப் பார்ப்பது ஒன்றே சோதனை. தேசிங்கும், அவருக்காக உயிர்விட்ட நண்பர் மகபத் கானும், அவர்கள் ஏறிய குதிரையும் அடக்கமான இடமென்று நீலாம்பூண்டி கிராமத்தை இன்றும் ஊரார் காட்டுகிறார்கள்.

இந்த இரண்டு சோதனைகளுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருப்பதைச் சென்ற ஆண்டு கண்டேன். பார்ப்பதும் ஏறுவதுமல்லாமல், காதுகொடுத்துக் கேட்பது.

*

என் அக்கா மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அவனுக்கு ஆர்எக்ஸ் 100 வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அவன் பிறப்பதற்கு முன்பே உற்பத்தி நின்றுபோன வண்டி அது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் கூட்டுறவில் 1985 இறுதியில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, 1996இல் நிறுத்தியது. ஐம்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே சிலிண்டர், 98 சிசி, பதினொரு குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. எண்களாக எழுதிப் பார்த்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. எண்பதுகளின் நடுவில் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகியும் வடக்கிலிருந்து ஹீரோ ஹோண்டாவும் வந்திறங்கியபோது, புல்லட்டின் நிதானத்துக்கும் ராஜ்தூத்தின் பொறுமைக்கும் பழகியிருந்த நம் சாலைகளில் இந்தச் சிறு வண்டி கிளம்பிய வேகம்தான் ஒரு தலைமுறையின் நினைவில் தங்கிவிட்டது. பாலிடெக்னிக் மாணவர்களும் பால்காரர்களும் காவலர்களும் அதை ஓட்டினார்கள். இன்று நல்ல நிலையிலுள்ள ஒன்று, புதிதாக விற்ற விலையைப்போலப் பல மடங்கு பேசப்படுகிறது.

மேல்மலையனூர் போகும் வழியிலுள்ள ஒரு கிராமத்தில் 1994ஆம் ஆண்டு வண்டி ஒன்று விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டு அவன் என்னை அழைத்தான். கையில் எண்பதாயிரம் சேர்த்து வைத்திருந்தான். மூன்றாண்டுச் சேமிப்பு. செஞ்சியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஊரே அவரைப் பாய் என்றுதான் அழைக்கிறது, நானும் அப்படித்தான். முப்பத்தைந்து ஆண்டுகளாக இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள்தான் அவருக்குத் தொழில். கூலி பேசி அவரைக் கூட்டிக்கொண்டோம். புறப்படும் முன் அவர் சொன்னது ஒன்றே ஒன்று:

"நாம போற வரைக்கும் வண்டியை யாரும் ஸ்டார்ட் பண்ணவேணாம்னு போன்ல சொல்லிடுங்க சார்."

சூடான எஞ்சின் பாதி உண்மையை மறைத்துவிடும் என்பது அதன் பொருள் என்று வழியில் விளக்கினார். தேய்ந்த பிஸ்டன், சிலிண்டர் சுவரில் இடித்து எழுப்பும் சத்தம் குளிர்ந்த நிலையில்தான் தெளிவாகக் கேட்கும். சூடேறி உலோகம் விரிந்ததும் இடைவெளி குறைந்து சத்தம் அடங்கிவிடும். விற்பவர்கள் நாம் வரும் முன்பே ஒருமுறை ஓட்டி வைத்திருப்பது சாமர்த்தியம். ஆகவே பாய் எந்த வண்டியருகே போனாலும் முதலில் புறங்கையை எஞ்சின் தகடுகள்மேல் வைப்பார். காய்ச்சல் பார்ப்பதுபோல.

அந்த வீட்டில் எஞ்சின் சில்லென்று இருந்தது. விற்பவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். கணவர் பள்ளி ஆசிரியராக இருந்து காலமாகி இரண்டாண்டு. மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் கட்டணம் கட்டவேண்டும். வண்டி தாழ்வாரத்தில் பழைய போர்வை போர்த்தி நின்றது. "அவர் போனப்பறம் யாரும் எடுக்கல தம்பி. என் தம்பி மட்டும் ஒருதபா வந்து ஸ்டார்ட் பண்ணான். ஒரே புகை. தரகர் ஒருத்தர் அதைப் பாத்துட்டு எஞ்சின் போயிடுச்சி, அம்பதுன்னா எடுத்துக்கறேன்னாரு" என்றார். அவர் எதையும் மறைக்க முயலவில்லை. மறைக்க என்ன இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை.

*

பாய் செய்ததை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வாசிப்பைப் பற்றி நிறையப் பேசுகிற நாம், வாசிப்பு என்ற சொல்லை ஏட்டுக்கு மட்டும் உரியதாக்கிக் கொண்டுவிட்டோம் என்று அன்று தோன்றியது.

முதலில் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டார். பிறகு தரையில் அமர்ந்து கிக்கரை உள்ளங்கையால் மெல்ல அழுத்தினார். காலால் உதைத்தால் ஒன்றும் தெரியாது. கையால் அழுத்தும்போது பிஸ்டன் மேலேறி, அடைபட்ட காற்று ஓரிடத்தில் எதிர்த்து நிற்கும். பிஸ்டனைச் சுற்றிய ரிங்குகளும் சிலிண்டர் சுவரும் ஒழுங்காக இருந்தால் அந்த எதிர்ப்பு சிறிது நேரம் நிலைக்கும். தேய்ந்திருந்தால் காற்று ஓரமாகக் கசிந்து கிக்கர் சோம்பலாக இறங்கிவிடும். இதை அளக்கக் கருவி உண்டு. ஸ்பார்க் பிளக் இருக்குமிடத்தில் திருகி முள்ளைப் பார்க்கலாம். பாயிடம் இருந்தது உள்ளங்கை மட்டும். நான்கைந்து முறை அழுத்தியவர், "நிக்குது" என்றார்.

பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். பிஸ்கட் நிறமாக இருந்தால் எரிதல் சீர். வெளுத்திருந்தால் காற்று மிகுதி, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும். கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் மிகுதி. இது கறுத்து ஈரமாக இருந்தது. அவர் முகத்தில் மாற்றமில்லை. பழைய பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரைத் துடைத்து, கொண்டுவந்திருந்த பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, மூன்றாவது உதையில் கிளப்பினார். தாழ்வாரம் வெள்ளைப் புகையால் நிறைந்தது. என் மருமகனின் முகம் வாடிவிட்டது.

"இருங்க தம்பி. சைலன்சர்ல தேங்கின எண்ணெய் போகட்டும்."

பத்து நிமிடம் ஓடவிட்டார். புகை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. குனிந்து புகையை முகர்ந்தார். பெட்ரோலில் கலந்த ஆயில் எரியும் வாடையும், கியர் பெட்டியின் ஆயில் எரியும் வாடையும் வேறு வேறு என்று அவர் சொன்னபோது நானும் முகர்ந்து பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. எஞ்சினை அணைத்து, அடியிலிருக்கும் போல்ட்டைக் கழற்றிக் கியர் ஆயிலை ஒரு பாத்திரத்தில் இறக்கினார். இருக்கவேண்டியதில் பாதிதான் இருந்தது. தரையில் ஒரு சொட்டும் ஒழுகியிருக்கவில்லை. வெளியே போகாத ஆயில் உள்ளேதான் போயிருக்கவேண்டும். கிராங்க் அறைக்கும் கியர் பெட்டிக்கும் இடையே ரப்பர் உதட்டோடு ஓர் ஆயில் சீல் இருக்கிறது. வண்டி ஓடாமல் நின்றால் அந்த உதடு காய்ந்து இறுகிவிடும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கிராங்க் அறை வழியாகத்தான் மூச்சு இழுக்கிறது. இறுகிய உதட்டின் ஓரமாகக் கியர் ஆயிலையும் சேர்த்து இழுத்து எரித்துவிடும். வெள்ளைப் புகையின் கதை இவ்வளவுதான்.

கடைசியாக, "அம்மா, மேல்மூடியைக் கழட்டிப் பாக்கலாமா?" என்று அனுமதி கேட்டார். நான்கு நட்டுகள். பிஸ்டனின் தலையில் படிந்த கரியைச் சுரண்டினார். சிலிண்டர் தேய்ந்து ஒவ்வொரு முறை கடைந்து பெரிதாக்கும்போதும் அடுத்த அளவு பிஸ்டன் போடவேண்டும். கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று அந்த மிகை அளவு அதன் தலையிலேயே பொறித்திருக்கும். ஆட்டின் பல் போல. இதில் எதுவும் பொறித்திருக்கவில்லை. சுவரில் கீறல் இல்லை. பிறந்தபோது இருந்த அதே அளவு.

கருவிப்பெட்டியில் ஒரு சிறு குறிப்பேடு கிடந்தது. நாள், எத்தனை லிட்டர் பெட்ரோல், எத்தனை மில்லி ஆயில், கியர் ஆயில் மாற்றிய தேதி, எல்லாம் ஆசிரியரின் சீரான கையெழுத்தில். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான கணக்கு. பாய் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு இரு கைகளாலும் அந்த அம்மாளிடம் கொடுத்தார்.

*

இனி நடந்ததுதான் எங்கள் வீட்டில் இன்றும் வழக்காக இருப்பது.

"எஞ்சின் போயிடுச்சா பாய்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"இல்லம்மா. இதுவரைக்கும் யாரும் பிரிக்காத எஞ்சின். ஒரு சீல் போயிருக்கு. ரெண்டு நாள் வேலை, சில ஆயிரம் செலவு. அவ்வளவுதான்."

"அப்ப எவ்வளவு போகும்?"

"அத நான் சொல்லக்கூடாதும்மா. நாலு பேரை விசாரிச்சிட்டுக் குடுங்க."

என் மருமகன் அறுபதில் தொடங்கி எழுபதுக்குள் முடிக்கலாம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு வந்திருந்தான். அந்த நான்கு வரிகளில் கணக்கு முடிந்துபோயிற்று. கையிலிருந்த எண்பதையும் கொடுக்கிறேன் என்றான். அம்மாள் ஒரு வாரம் கேட்டார். பத்து நாள் கழித்துப் புதுச்சேரியிலிருந்து வந்த ஒருவருக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு வண்டி போயிற்று. குறிப்பேட்டை மட்டும் கொடுக்கவில்லை என்று தொலைபேசியில் சொன்னார்.

"மாமா, பாய்க்குக் கூலி குடுத்தது நான். அவர் யாருக்கு வேலை பார்த்தார்?" என்று அவன் கேட்டான். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல அது. வழக்கறிஞர் எதிர்த்தரப்புக்கு யோசனை சொன்னால் நாம் பொறுப்போமா? அவன் மூன்றாண்டு மிச்சம் பிடித்த பணம் அது. வாடகை அறையில் நான்கு பேரோடு படுத்து, ஊருக்குப் பேருந்தில் நின்றுகொண்டு வந்து சேர்த்தது. அந்த அம்மாளுக்கு மகளின் கல்லூரிக் கட்டணம் என்றால், இவனுக்கும் இவன் நியாயம் இருக்கிறது.

பொருளியலில் பழைய கார்களை வைத்தே எழுதப்பட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதியது. 2001இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அடிப்படையான ஆய்வுகளுள் ஒன்று. பழைய வண்டியை விற்பவருக்கு அதன் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எதையும் நம்பாமல் எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர்கள் விற்க வரமாட்டார்கள். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும். பொய் சொல்லப்படும் ஒவ்வொரு பேரமும் அதில் ஈடுபடாத நேர்மையானவர்களையும் சேர்த்தே தண்டிக்கிறது என்பதுதான் அந்தக் கட்டுரை எனக்குக் காட்டியது.

அந்தத் தாழ்வாரத்தில் இருந்த நிலை இதன் தலைகீழ். அறியாதவர் விற்பவர், அறிந்தவர் வாங்குபவர் கூட்டிவந்த ஆள். தரகரும் ஒருவேளை புகையின் காரணத்தை அறிந்தவராகவே இருந்திருக்கலாம். அப்படியானால் அவருடைய ஐம்பதாயிரத்துக்கும் எங்களுடைய அறுபதாயிரத்துக்கும் பத்தாயிரம்தான் வித்தியாசம், குணத்தில் வித்தியாசமில்லை. இதை நான் மருமகனிடம் சொன்னபோது அவன், "நாம எதுவும் பொய் சொல்லலியே, சும்மாதானே இருந்திருப்போம்" என்றான். சும்மா இருப்பது பொய்யா என்பது தத்துவப் புத்தகங்களில் தீராத கேள்வி. ஆனால் அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. நேராகக் கேட்டார். கேட்டபிறகு மௌனத்துக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது.

பாயிடம் இதைப் பற்றிப் பிறகு பேசினேன். அவர் எதையும் பெரிதாகச் சொல்லவில்லை. கார்புரேட்டர் ஒன்றைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எஞ்சின் சொல்றதக் கேக்கத்தான் சார் எனக்குத் தெரியும். யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னு பாத்து வேற மாதிரி கேக்க ஆரம்பிச்சா, அப்புறம் காது கெட்டுப்போயிடும்." கூலியை அவர் திருப்பித் தரவில்லை. தரவேண்டியதும் இல்லை. சொல்லப்பட்ட வேலை முழுமையாகச் செய்யப்பட்டிருந்தது.

*

இதே நாட்களில்தான் ஆக்லாந்திலிருந்து என் பெரியப்பா மகனின் அழைப்பு வந்தது. ஜப்பானில் ஓடிய பழைய கார்கள் பெருமளவில் போய் இறங்கும் நாடு நியூசிலாந்து. அவன் ஒரு மஸ்தா ஆர்எக்ஸ்-8 பார்த்து வைத்திருந்தான், 2004ஆம் ஆண்டு வண்டி. பெயரில் இருக்கும் ஒற்றுமை தற்செயல்தான். ஆனால் அந்தக் காரின் எஞ்சினுக்கும் நம் இரண்டு ஸ்ட்ரோக்குக்கும் தூரத்து உறவு இருப்பதை அவன் சொல்லச் சொல்ல உணர்ந்தேன்.

அதில் மேலும் கீழும் ஏறி இறங்கும் பிஸ்டனே கிடையாது. நடுவில் சற்று இடுங்கிய முட்டை வடிவ அறைக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோணம் ஒன்று சுழல்கிறது. பெலிக்ஸ் வாங்கல் என்ற ஜெர்மானியரின் கற்பனை; அவருடைய முதல் எஞ்சின் 1957இல் என்எஸ்யு நிறுவனத்தில் ஓடியது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் மூன்று அறைகள். ஒன்று மூச்சிழுக்கும்போது மற்றொன்று அழுத்தும், இன்னொன்று எரிந்து வெளியேற்றும். வால்வு இல்லை, அதிர்வு குறைவு, சிறிய உருவில் பெரிய வலு. ஆனால் முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒரு சிறு பட்டை சுவரோடு உராய்ந்தபடியே இருக்கவேண்டும். அபெக்ஸ் சீல் என்பார்கள். மொத்த எஞ்சினின் ஆயுளும் அந்தப் பட்டையில் இருக்கிறது. அதற்காகவே எரியறைக்குள் சிறிது ஆயிலைத் திட்டமிட்டே செலுத்துகிறார்கள். ஆயில் குடிப்பது அதன் நோயல்ல, இயல்பு. இரண்டு ஸ்ட்ரோக்கும் அப்படியே.

உரிமம் பெற்ற மஸ்தாவில் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் நாற்பத்தேழு பொறியாளர்கள் இதனோடு போராடினார்கள். அறையின் சுவரில் அந்தப் பட்டை விட்டுச்சென்ற அலையலையான கீறல்களைப் பிசாசின் நகக்கீறல் என்று அவர்கள் அழைத்தார்கள். 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் வெளிவந்தது. அதே ஆண்டு என்எஸ்யு வெளியிட்ட ரோ 80 காரின் உரிமையாளர்கள் சாலையில் எதிர்ப்படும்போது, இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றினோம் என்று விரல்களைக் காட்டிக்கொள்வார்களாம். ஒரு வேடிக்கைக் கதை. 1991இல் லெமான் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தை நான்கு சுழலிகள் கொண்ட மஸ்தா 787பி வென்றது. ஆர்எக்ஸ்-8இன் உற்பத்தி 2012இல் நின்றது. நம் ஆர்எக்ஸ் 100ஐப் போலவே, புகைக்கான விதிகள் இறுகிவந்த காலம் அதற்கு இடம்தரவில்லை.

அந்தக் காரை வாங்கும் முன் செய்யவேண்டிய சோதனையும் பாய் செய்ததன் உறவுதான். நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, நிறுத்தி, சில நிமிடம் கழித்து மீண்டும் கிளப்பவேண்டும். அழுத்தம் குறைந்த எஞ்சின் சூட்டில்தான் முரண்டு பிடிக்கும். பாய் குளிரில் கேட்டதை அங்கே வெப்பத்தில் கேட்கிறார்கள். அதன்பின் அழுத்தமானி. சாதாரண மானி இங்கே பயன்படாது; மூன்று அறைகளில் வலுவானதன் அளவை மட்டும் அது காட்டிவிட்டு மெலிந்த இரண்டை மறைத்துவிடும். ஒவ்வொரு அறையையும் தனித்தனியே பதியும் மின்னணுக் கருவி வேண்டும். மஸ்தா வகுத்த அளவுப்படி, நிமிடத்துக்கு 250 சுற்றுகளில் சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ அழுத்தம் இருக்கவேண்டும், 6.9க்குக் கீழே போனால் எஞ்சினைப் பிரிக்கவேண்டிய காலம் வந்துவிட்டது. அவன் பார்த்த காரில் முதல் சுழலி 7.4, 7.3, 7.5. இரண்டாவது 6.6, 6.8, 5.9.

அந்த அறிக்கையை அவனுக்கு அனுப்பியது யார் தெரியுமா? காரை விற்பவர். அங்கே சுழலி எஞ்சின் கார்களை விற்பவர்களில் பலர் இந்தத் தாளை இணைத்தே விளம்பரம் செய்வார்களாம். இரண்டு தரப்புக்கும் ஒரே தாள். பாய் தாழ்வாரத்தில் வாயால் செய்தது அங்கே ஓர் அச்சுத்தாளாக, வழக்கமாக ஆகியிருக்கிறது. யாரும் யாருடைய ஆள் என்ற கேள்வி எழாமல் போகிறது. இதை நான் மருமகனுக்கு அப்படியே அனுப்பிவைத்தேன். பதில் வரவில்லை.

அந்த எண்களைப் பாயிடம் சொல்லி, வாங்கலாமா என்று கேட்டேன். அப்படியொரு எஞ்சினை அவர் பார்த்ததில்லை. காகிதத்தில் முக்கோணத்தை வரைந்து காட்டினேன். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "அந்த ஊர்ல இதப் பிரிச்சிக் கட்டுற ஆள் இருக்காரா?" என்று மட்டும் கேட்டார். இருந்தார். தம்பி காரின் உடலுக்கு மட்டும் விலைபேசி, எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவைத் தனியே ஒதுக்கி வாங்கினான்.

*

பாயின் அந்தக் கேள்வி எழுநூறு ஆண்டுப் பழமையானது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இங்கே நடந்த குதிரை வணிகத்தை எழுதிவைத்திருக்கிறார். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கினான் மன்னன். அவன் சகோதரர்களும் அப்படியே. விலை தங்கத்தில். ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு மிஞ்சவில்லை. அவற்றுக்கு என்ன தருவது, எப்படிப் பேணுவது என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. சோறும் வேகவைத்த இறைச்சியும் தந்தார்களாம். வணிகர்கள் குதிரைகளைக் கொண்டுவந்தார்களேயன்றி, லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களைக் கொண்டுவரவில்லை. யாரும் வந்துவிடாமலும் பார்த்துக்கொண்டார்கள். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த குதிரை விற்கும்.

வெளியூரார் எழுதியது, மிகை இருக்கலாம். எனினும் அந்தப் பாண்டியன் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கியிருப்பான் என்றே நினைக்கிறேன். அன்று நல்ல குதிரைகள்தான் வந்திருக்கும். அறிவு அவற்றோடு கப்பலேறி வரவில்லை, அவ்வளவே.

ஆர்எக்ஸ் 100 ஒன்றுக்கு இன்று லட்சங்கள் தரத் தயாராக இருப்பவர்கள் பலர். அதன் கிக்கரை உள்ளங்கையால் அழுத்தி, "நிக்குது" என்று சொல்லத் தெரிந்தவர்கள் செஞ்சியில் இப்போது, எனக்குத் தெரிந்து, இரண்டு பேர். பாயின் மகன் வேறு தொழிலுக்குப் போய்விட்டான். பட்டறையில் உதவிக்கு இருக்கும் பையன் நான்கு ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களை மட்டும் தொடுவான்; அதில்தான் வருமானம்.

என் மருமகனுக்கு இன்னும் வண்டி அமையவில்லை. பாயோடு பேசாமல் இருந்தவன், சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பட்டறைக்குப் போயிருக்கிறான். வேறொரு வண்டியைப் பற்றி விசாரிக்கத்தான். அப்போது யாரோ கொண்டுவந்து நிறுத்திய பழைய வண்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பாய் அவன் விசாரித்ததற்குப் பதில் சொல்லாமல், அந்த வண்டியைக் காட்டி, "என்ன கேக்குது தம்பி?" என்றாராம். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இப்போது ஊருக்கு வரும் சனிக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறான் என்று அக்கா சொன்னாள். குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் இடிப்பதைக் கண்டுபிடித்துவிட்டானாம். இரண்டு ஆயிலின் வாடையும் இன்னும் பிடிபடவில்லை.